முதல் ஆர்டர், புது பையர்: பணத்தை எந்த வழியில் வாங்குவது?

ஐரோப்பாவில் ஒரு புது பையர். 20,000 டி-ஷர்ட், பீஸ் 3.20 டாலர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும் வரை செலவு நம்முடையது, அதன் பிறகு பையருடையது). சாம்பிள் ஓகே, விலையும் பேசி முடித்தாகிவிட்டது. கடைசியாக மெயிலில் ஒரு வரி வருகிறது: பேமென்ட் டேர்ம்ஸ் என்ன? திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் பலர் விலைக்கு ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டு, இந்த வரிக்கு ஒரே நாளில் பதில் போட்டுவிடுகிறார்கள். பீஸுக்கு 5 சென்ட் குறைக்கச் சொன்னால் முகம் சுருங்குகிறது. 90 நாள் கடன் கேட்டால், பெரிய பார்ட்டிதானே என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்டர் மதிப்பு 64,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 54.4 லட்சம். வங்கி வட்டி 10% என்றால் 90 நாளுக்கு 1.34 லட்சம் ரூபாய், அதாவது பீஸுக்கு ஏறக்குறைய 8 சென்ட். லாபம் 7% நின்றால் மொத்தமே 3.8 லட்சம்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டியிலேயே கரைந்துவிடுகிறது. பணம் வராமலே போனால் போட்ட முதல் 50 லட்சத்துக்கு மேல் போச்சு. அதை மீட்க இதே அளவில், இதே லாபத்தில் இன்னும் 13 ஆர்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். பையர் பாதியில் பின்வாங்கினால் அந்த நேரம் சரக்கு யார் கட்டுப்பாட்டில் இருக்கும்? அதுவரை யாருடைய பணம் ஓடிக்கொண்டிருக்கும்? டேர்ம்ஸுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதில்தான் எனக்கு முக்கியம்.

முழுப் பணமும் முன்கூட்டியே என்பது 500, 1,000 பீஸ் வாங்குகிற சின்ன ஆன்லைன் பிராண்டுகளிடம் நடக்கும். 20,000 பீஸுக்கு முதல் ஆர்டரிலேயே எவரும் தரமாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.    

30 முன்னால், 70 பின்னால்

30% அட்வான்ஸ், மீதி 70% பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றிக்கொண்டு கப்பல் நிறுவனம் தரும் உரிமைப் பத்திரம்) காப்பியைப் பார்த்ததும். முதல் ஆர்டருக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். 30% என்றால் 19,200 டாலர், சுமார் 16.3 லட்சம் ரூபாய். மில்லுக்குக் கொடுக்க வேண்டிய நூல் பணத்தில் பெரும்பகுதியை இது தாங்கும். அட்வான்ஸ் கொடுத்த பையர் சும்மா விட்டுவிட்டுப் போகவும் மாட்டார். கப்பல் ஏறியதும் பி.எல். ஸ்கேன் காப்பியை அனுப்புகிறீர்கள். மீதிப் பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகுதான் ஒரிஜினலைக் கூரியரில் போடுகிறீர்கள், அல்லது ஷிப்பிங் லைனிடம் சரண்டர் செய்து டெலெக்ஸ் ரிலீஸ் (ஒரிஜினல் காட்டாமலே அங்கே சரக்கை எடுக்க அனுமதி) கொடுக்கச் சொல்கிறீர்கள். அதுவரை சரக்கு உங்களுடையது.

உங்களுடையது என்று சொல்வதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. எஃப்.ஓ.பி. ஆர்டரில் பார்வர்டரை (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டை) நியமிப்பவர் பையர், அவருக்குக் கூலி கொடுப்பவரும் பையர்தான். அந்த பார்வர்டர் பி.எல்.லுக்குப் பதிலாகச் சரக்கு பெற்றுக்கொண்டதற்கான வெறும் ரசீதைக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்: கார்ட்டன் எண்ணிக்கை, எடை, சீல், கையெழுத்து எல்லாம் இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டாமலே பையர் அங்கே சரக்கை எடுத்துக்கொள்ள முடியும். அது சரக்கு மீதான உரிமைப் பத்திரம் இல்லை. எனவே ஆர்டர் உறுதியாகும்போதே மூன்று ஒரிஜினலோடு 'டு ஆர்டர்' பி.எல். (நீங்கள் எழுதிக் கொடுப்பவருக்கே சரக்கு என்பது) வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) என்ற இடத்தில் பையர் பெயரை நேரடியாகப் போட்டால் பிடி தளர்ந்துவிடும்.

இன்னொரு இடம், திருப்பூரில் எல்லோரும் அறிந்தது. சாயப்பட்டறையில் ஒரு வாரம் தாமதம், பிரிண்டிங்கில் நாலு நாள். கப்பல் தேதி தவறுகிறது, பையர் ஏரில் அனுப்பச் சொல்கிறார். விமானச் சரக்குக்குத் தரும் ஏர்வே பில் உரிமைப் பத்திரமே கிடையாது. கன்சைனியாக யார் பெயர் இருக்கிறதோ அவர் அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆக கப்பலுக்குப் பேசிய 70% 'பி.எல். காப்பிக்கு எதிராக' என்ற ஏற்பாடு, சரக்கு ஏரில் போகிற நிமிடம் 70% கடனாக மாறிவிடுகிறது. ஏர் என்று முடிவானால் மீதிப் பணம் புக்கிங்குக்கு முன்னால் வர வேண்டும். இதையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், தாமதமான நாளில் பேசினால் உங்கள் குரல் எடுபடாது.

பையர் விலகிவிட்டால் நஷ்டம் என்ன? 70%, அதில் சரக்கை வேறு இடத்தில் தள்ளி வரும் காசு கழியும். பிராண்டு பிரிண்டும் லேபிளும் போட்ட துணி திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் ஸ்டாக் லாட்டாகத்தான் (மிச்சச் சரக்காக) போகும், அதுவும் சரக்கு இந்தியாவில் இருந்தால். அடி பலமாகத்தான் விழும், ஆனால் யூனிட் மூடாது. மீதி வழிகளை இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஒன்று மட்டும் கவனம். பணம் மெயில் பேச்சை நம்பி வருகிற வழி இது. நடுவில் எவனோ மெயிலுக்குள் புகுந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று உங்கள் பெயரில் பையருக்கு எழுதும் மோசடி வழக்கமாகிவிட்டது. கணக்கு எண் மாறினால் போனில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று இன்வாய்ஸிலேயே ஒரு வரி போடுங்கள்.

எல்.சி. இருந்தால் கவலை இல்லையா?

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணத்துக்குப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) என்றால் வங்கியே பொறுப்பு, கண்ணை மூடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. வங்கி பொறுப்பேற்பது உண்மை. ஆனால் அது துணியைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும் பார்க்கும். சர்வதேச வர்த்தக சபை வகுத்து 2007 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள யு.சி.பி. 600 விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் எல்.சி.யில் கேட்டபடி இல்லையென்றால் வங்கி பணம் தர வேண்டியதில்லை.

நம் தொழிலில் அடிக்கடி இடறும் இடம் எண்ணிக்கை. 20,000 பீஸுக்குத் துணி வெட்டுகிறீர்கள். துளை, கறை, தையல் ரிஜெக்‌ஷன் எல்லாம் கழிந்து பேக்கிங்கில் நிற்பது 19,740. வியாபாரத்தில் இது சாதாரணம், பையரும் ஒன்றும் சொல்லமாட்டார். யு.சி.பி. 600-ல் அளவு 5% கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் பீஸ், பெட்டி என்று எண்ணிக்கையாகச் சொன்ன சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை. நூல் கிலோ கணக்கில் ஏற்றுமதி செய்கிறவருக்குக் கிடைக்கும், டி-ஷர்ட் செய்கிறவருக்குக் கிடைக்காது. எல்.சி.யில் பார்ஷியல் ஷிப்மென்ட் (சரக்கைப் பகுதியாக அனுப்புவது) கூடாது என்றும் போட்டிருந்தால் 260 பீஸ் குறைந்ததற்காகவே டாக்குமென்ட் 'டிஸ்கிரிபன்ட்' (எல்.சி.யோடு பொருந்தாதது) ஆகிவிடும். அதனால் எல்.சி. வரைவு வரும்போதே எண்ணிக்கையிலும் தொகையிலும் 5% கூடக் குறையப் போடச் சொல்லுங்கள். திறந்த பிறகு திருத்தினால் காசும் நாளும் போகும்.

ஷிப்மென்ட் ஆகி 21 நாளுக்குள் டாக்குமென்ட்டை வங்கியில் கொடுக்க வேண்டும் (எல்.சி.யில் இன்னும் குறைத்தும் போட்டிருப்பார்கள்). எல்.சி. திறந்த வங்கிக்குச் சரிபார்க்க 5 வேலை நாள். குறை கண்டுபிடித்துத் திருப்பினால், திருத்திக் கொடுக்கக் கெடு மிச்சமிருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் வங்கியின் வாக்குறுதி அங்கேயே முடிந்தது, பையர் மனசு வைத்தால்தான் பணம். சந்தை விழுந்திருந்தால் அவர் கேட்கிற முதல் விஷயம் தள்ளுபடிதான். 'பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் சர்ட்டிபிகேட்' என்று ஒரு வரி எல்.சி.யில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் நீங்கள் வங்கிக்குப் போகவே முடியாது. அந்த வரியை எடுக்க மறுக்கிறவரோடு எல்.சி. போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், எந்த வங்கி? எந்த நாடு? 2022-ல் இலங்கையில் நடந்ததைத் தூத்துக்குடி வியாபாரிகள் நேரில் பார்த்தார்கள். இறக்குமதியாளரிடம் ரூபாய் இருந்தது, வாங்க ஆசை இருந்தது. வங்கியில் டாலர் இல்லை. உணவுப்பொருள் கன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கி நின்றன. ஏப்ரல் 12 அன்று அந்த அரசே வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உள்ளூர் வங்கி கொடுத்த எல்.சி.யின் மதிப்பு அந்த நாட்டின் டாலர் கையிருப்பு அளவுக்குத்தான். வேறொரு நாட்டின் உறுதியான வங்கி 'கன்பர்ம்' செய்த (தானும் பணத்துக்குப் பொறுப்பேற்ற) எல்.சி. என்றால் அந்தப் பயம் போகும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை யார் ஏற்பது என்று முதலிலேயே பேச வேண்டும்.

எல்.சி.யில் ஒரு பெரிய நன்மை, கையில் அது இருந்தால் உங்கள் வங்கி பேக்கிங் கிரெடிட் (சரக்கு தயாரிக்க ஏற்றுமதிக்கு முன் தரும் கடன்) தருவதில் அதிகம் தயங்காது. என் கணிப்பில் 30,000 டாலருக்குக் கீழே இருக்கும் ஆர்டருக்கு எல்.சி. செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. லட்சம் டாலரைத் தாண்டும் ஆர்டர், அல்லது அன்னியச் செலாவணி ஆட்டம் காணும் நாடு என்றால் எல்.சி.தான், அதுவும் கன்பர்ம் செய்தது. நம் 64,000 டாலர் ஆர்டர் நடுவில் நிற்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாட்டு பையர் என்றால் அங்குள்ள வங்கி மேல் பயம் இல்லை. ஆனால் சின்ன பையர்கள் தங்கள் வங்கி லிமிட்டை (கடன் வரம்பை) இதற்கு முடக்க விரும்புவதில்லை.

டி.பி.

டி.பி. என்றால் டாக்குமென்ட்ஸ் அகெயின்ஸ்ட் பேமென்ட். டாக்குமென்ட் வங்கி வழியாகப் போகும், பையர் பணம் கட்டிய பிறகே அவர் கையில் கிடைக்கும். கேட்க எல்.சி. மாதிரியே இருப்பதால் பலர் இதைப் பாதி எல்.சி. என்று நினைக்கிறார்கள். இங்கே வங்கி எந்த உறுதியும் தரவில்லை, தபால்காரர் வேலை மட்டும் செய்கிறது. பையர் பணம் கட்ட மறுத்தால் அது உங்களுக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான்.

சரக்கு அப்போது ஹாம்பர்க்கிலோ ராட்டர்டாமிலோ கிடக்கும். டெமரேஜ் (துறைமுகத்தில் கிடப்பதற்கான கட்டணம்) நாளுக்கு நாள் ஏறும். திருப்பிக் கொண்டுவர மறுபடி கப்பல் வாடகை. சில நாடுகளில் முதல் இறக்குமதியாளர் தடையில்லாச் சான்று தராமல் சரக்கை வேறு ஆளுக்கு விற்கவோ திருப்பி எடுக்கவோ சுங்கத்துறை விடாது. இது தெரிந்த பையர் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பாதி விலைக்குக் கேட்பார். அட்வான்ஸ் ஒரு ரூபாயும் வாங்காமல் டி.பி.க்குச் சம்மதித்திருந்தால் அவருக்கு இழப்பே இல்லை, மாட்டிக்கொள்வது முழுவதும் உங்கள் பணம். டி.பி. எடுப்பதாக இருந்தால் அதிலும் 20, 30 சதவீதம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எடுங்கள். அட்வான்ஸ் இல்லாத டி.பி.யை முதல் ஆர்டருக்கு நான் ஏற்கமாட்டேன்.

கடன்: டி.ஏ., ஓப்பன் அக்கவுன்ட்

பையர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பெரிய பிராண்டுகள் வேறெதற்கும் வருவதில்லை. டி.ஏ.யில் (டாக்குமென்ட்ஸ் அகெயின்ஸ்ட் அக்செப்டன்ஸ்) பையர் குறித்த நாளில் பணம் தருவதாக ஒரு பில்லில் கையெழுத்துப் போட்டு டாக்குமென்ட்டை எடுத்துக்கொள்வார், ஓப்பன் அக்கவுன்ட்டில் அந்தக் கையெழுத்தும் இல்லை. இரண்டிலும் சரக்கு போய்விட்டது, பணம் பிறகு வரும்.

முதலில் 90 நாள் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். பி.எல். தேதியிலிருந்தா, சரக்கு அவர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தா? 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் வரை கூடுதலாயிற்று. கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிற ஒப்பந்தம் போட்டவர்களுக்குக் கடன் காலமும் அத்தனை நாள் தானாக நீண்டது.

இந்தப் பக்கம் உங்களுக்கு யாரும் 90 நாள் தருவதில்லை. நிட்டிங், சாயம், தையல் ஜாப் ஒர்க் செய்பவர்கள் பெரும்பாலும் குறு, சிறு நிறுவனங்கள். அவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல் மார்ச் கணக்கை முடித்தால், அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது அவர்களுக்கு நியாயமான பாதுகாப்பு, எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் 90 நாள் கடனுக்கு ஒப்புக்கொள்ளும்போது நடுவில் தொங்கும் 45 நாளை உங்கள் வங்கிக் கணக்குதான் சுமக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பெரிய பெயர் என்பதால் பணம் வந்துவிடும் என்று நினைக்கவும் முடியாது. பிரிட்டனில் டெபன்ஹாம்ஸ் 2020 ஏப்ரலிலும் ஆர்கேடியா அதே வருடம் நவம்பர் 30 அன்றும் திவால் நிர்வாகத்துக்குள் போயின. தெருவுக்குத் தெரு கடை வைத்திருந்த பெயர்கள் அவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50% ஆக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களுக்கே பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அப்படி ஒரு நாளில் முன்பணம் வாங்கி வைத்திருக்கிறவர் பேரம் பேசலாம். சரக்கையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்ன பேச முடியும்?

சரி, கடன்தான் என்றால் இ.சி.ஜி.சி. இல்லாமல் கூடாது. 1957-ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம் அது. பாலிசி எடுத்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட பையர் பெயரில் கிரெடிட் லிமிட் வாங்க வேண்டும். இதில் ஒரு கூடுதல் லாபம்: அவர்கள் பையரைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் லிமிட் தருவார்கள். நாம் கேட்டதைவிடக் குறைத்துத் தந்தாலோ மறுத்தாலோ, அதையே பையரைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு முழுப் பணத்துக்கும் இல்லை. 90% தருகிறது என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 10%, அதாவது 5.44 லட்சம் உங்கள் தலையில். இந்த ஆர்டரின் மொத்த லாபத்தைவிட அது அதிகம். தரம் சரியில்லை என்று பையர் தகராறு கிளப்பினால், அது உங்கள் பக்கம் தீர்ப்பாகும்வரை கிளெய்ம் நகராது. பணம் தள்ளிப்போனால் அதைக் குறித்த காலத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பையரோடு உறவு கெட்டுவிடுமே என்று இதைத் தள்ளிப்போட்டுக் கிளெய்ம் உரிமையை இழக்கிறவர்கள் உண்டு. நல்ல பையர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

வங்கியில் பில்லை டிஸ்கவுன்ட் செய்துவிட்டால் (பையர் கட்டும் முன்பே அதைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டால்) பணம் வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதும் தப்பு. பையர் கட்டாவிட்டால் வங்கி வட்டியோடு உங்களிடம்தான் வந்து நிற்கும். உங்களிடம் திரும்பி வராத பேக்டரிங் (பில்லையே விலைக்கு வாங்கிக்கொள்ளும்) வசதி இருக்கிறது, ஆனால் ஒற்றை ஆர்டருக்குக் கிடைப்பது கடினம், தொடர்ந்து ஓடும் பையருக்குத்தான் பொருந்தும்.

பணம் வராவிட்டால் இன்வாய்ஸ் தொகையோடு நஷ்டம் நிற்பதில்லை. வாங்கிய டியூட்டி டிராபேக்கையும் (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரி) ஜி.எஸ்.டி. ரீபண்டையும் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஏற்றுமதிப் பணத்தைக் கொண்டுவர ரிசர்வ் வங்கி கொடுத்திருந்த 9 மாதக் கெடு 2025 நவம்பரில் 15 மாதமாகியிருக்கிறது. சிரமத்தில் இருப்பவர்களுக்கு அது உதவி. அதைக் காட்டிக் கூடுதல் நாள் கேட்கும் பையிங் ஏஜென்ட்டுகளுக்கு இணங்கிவிடாதீர்கள், 15 மாதத்துக்கும் வட்டி ஓடும்.

இந்த ஆர்டருக்கு என்ன பதில் போடலாம்?

நானாக இருந்தால் ஒரே மெயிலில் இரண்டு விலை கொடுப்பேன். 30% அட்வான்ஸ், மீதி பி.எல். காப்பிக்கு என்றால் 3.20 டாலர். 90 நாள் ஓப்பன் அக்கவுன்ட், பி.எல். தேதியிலிருந்து என்றால் 3.30 டாலர், இ.சி.ஜி.சி. லிமிட் கிடைத்தால் மட்டும். 8 சென்ட் வட்டிக்கு, மீதி 2 சென்ட் பிரீமியத்துக்கும் மற்றச் செலவுக்கும். பணம் இருக்கிற பையர் 10 சென்ட் மிச்சம் பார்த்து முதல் விலையை எடுப்பார், அல்லது 20% அட்வான்ஸ் என்று பேரம் பேசுவார். 20-க்கு நான் சம்மதிப்பேன், அதற்குக் கீழே போகமாட்டேன். எல்.சி. தருகிறேன் என்று அவராகச் சொன்னால், வரைவை முதலில் அனுப்பச் சொல்லி உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவில் காட்டிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பையர் கடனும் வேண்டும், விலையும் 3.20-தான், அட்வான்ஸும் கிடையாது என்று பிடிவாதம் பிடித்தால் ஆர்டரைச் சுருக்குங்கள். 20,000-க்குப் பதில் 4,000 பீஸ், 12,800 டாலர், சுமார் 10.9 லட்சம் ரூபாய். அது மொத்தமாகப் போனாலும் யூனிட் ஓடும், சம்பளம் கொடுக்கலாம். பணம் சொன்ன நாளில் வந்தால் அடுத்து 8,000. எப்படியானாலும் கடன் ஆர்டர் என்றால் இ.சி.ஜி.சி. லிமிட் கடிதம் கைக்கு வரும்வரை மில்லுக்குப் போன் போட்டு நூல் புக் செய்ய வேண்டாம். நூல் இறங்கிவிட்டால் உங்களால் பேரம் பேச முடியாது, அது பையருக்கும் தெரியும்.